மாமாவுக்கு என்ன பதில் எழுதுவது? சஹ்ரானும் மற்ற முஸ்லிம்களும்

கல்லடிப்பாலம் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்புக்காரன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நாற்பத்திரண்டு பேர், ஐந்து நாடு. காலை வணக்கம், வேத வசனம், யாருடையதோ பிறந்தநாள் கேக். போன கிழமை ரொறன்ரோ மாமா அதில் ஒரு வீடியோ போட்டார். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் கத்தியோடு ஓடுகிறான். கீழே மாமா எழுதியது: "இவங்கட மதமே இதுதான். சியோன் தேவாலயத்தை எல்லாரும் மறந்திட்டீங்களோ?"

மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 காலை ஒன்பது மணி தாண்டி அந்தச் சத்தம் கேட்டபோது நான் டிரான்ஸ்ஃபோமர்தான் வெடித்தது என்று நினைத்தேன். நாங்கள் மெதடிஸ்த், சியோன் எங்கள் சபை இல்லை. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில், அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்த காத்தான்குடி சஹ்ரானின் கூட்டத்தில் ஒருவன் வெடித்தான். 30 பேரளவில் போனார்கள், அதில் பாதிக்குக் கிட்டச் சின்னப் பிள்ளைகள். என் மனைவி ஆசிரியை. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று அவளுடைய வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதில் புத்தகப் பையைக்கூட வைக்கவில்லையாம்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். நான் தையற்கடை வைத்திருக்கிறேன். துணி, நூல், சிப், பொத்தான் எல்லாம் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில்தான் எடுப்பது. என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். குண்டுக்குப் பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பயத்தாலா, கோபத்தாலா, பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார் என்ற கூச்சத்தாலா, இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. மூன்றும் இருந்திருக்கும்.

மாமாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "பயங்கரவாதத்துக்கு மதம் இல்லை, இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை." இதை எழுதினால் மாமா சிரிப்பார். குண்டு வைத்தவர்கள் ஐ.எஸ். கொடிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்த வீடியோவை உலகமே பார்த்தது. மற்றது மாமாவின் பதில்: எல்லாரும் ஒன்றுதான், சஹ்ரான்தான் அவர்களுடைய பிரதிநிதி. அதை எழுதினால் நாளைக்கு எனக்கு லைனிங் துணி அளந்து கொடுக்கும் மனிதனின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முஸ்லிம் ஆட்கள் இருந்தால் இன்னும் நல்லது. சண்டைக்குக் கூப்பிடவில்லை.

கோட்டைமுனை77 எழுதியது:

தம்பி, உங்கள் மாமா சொல்வதில் பிழை எங்கே? அவரை ஏன் மாற்றப் பார்க்கிறீர்கள்?

வறுமை, படிப்பில்லை என்று கதை சொல்வார்கள். ஷங்ரி-லாவிலும் சினமன் கிராண்டிலும் வெடித்தவர்களில் இருவர் கொழும்பில் பெரிய மசாலா வியாபாரியின் பிள்ளைகள். இன்னொருவன் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்ப் படித்தவன். இவர்களை இழுத்தது பணமும் இல்லை, பசியும் இல்லை. பிறகு என்ன? நம்பிக்கைதானே.

காத்தான்குடி பிரதான வீதியில் போய்ப் பாருங்கள். நடுவிலே பேரீச்ச மரம். குண்டுக்கு முந்திப் பலகைகளில் அரபும் இருந்தது. நான் சின்ன வயதில் பார்த்த காத்தான்குடி இது இல்லை. அப்போது பெண்கள் சேலை முக்காட்டோடு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இருந்தார்கள். ஊரே மாறிக்கொண்டு வந்தபோது "ஏன்?" என்று அங்கே யார் கேட்டது? பக்கத்து வீட்டில் புகை வரும்போது வாய்மூடி இருந்தவன், நெருப்பு எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது.

எல்லாரும் குண்டு வைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்தவனுக்கு நிழல் கொடுத்தார்கள் என்கிறேன்.

சாரக்கடை எழுதியது:

தம்பி கல்லடிப்பாலம், நான் காத்தான்குடி. சாரமும் படுக்கை விரிப்பும் விற்கிறேன், கொஞ்சம் லைனிங்கும். நீங்கள் என் கடைக்கே வந்திருக்கலாம்.

முதலில் கோட்டைமுனை ஐயாவுக்கு: பேரீச்ச மரம் நட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். என் கடை வாசலில் ஒரு வேம்பு நின்றது, அது போய்விட்டது. மத்தியானத்தில் வாடிக்கையாளர் நிற்க நிழல் இல்லை. ஆனால் பேரீச்ச மரத்திலிருந்து குண்டுக்கு நேரே கோடு கிழிக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கணக்கு உதைக்கிறது.

"இவனுக்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை" என்று எங்கள் ஆட்கள் மேடையில் சொல்லும்போது எனக்கும் கூசும். எப்படி இல்லாமல் போகும்? சஹ்ரான் எங்கள் ஊரில் பிறந்தவன், எங்கள் மத்ரஸாவில் குர்ஆனை மனனம் செய்தவன். அவன் வாயில் வந்ததும் அதே வசனங்கள்தான். என் உம்மா ஓதி ஊதிய தண்ணீரை எனக்குக் குடிக்கத் தருவார், அந்த வசனங்களும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சம்பந்தம் உண்டு. அவன் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து போனவன்.

"பிரதிநிதி" என்ற சொல்லைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிரதிநிதி என்றால் அனுப்பியவன் ஒருவன் இருக்கவேண்டும். இவனை அனுப்பியது யார்? நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மத்ரஸாவில் உஸ்தாதுமாரோடு வாதம் பண்ணிப் பண்ணி, படிப்பு முடியுமுன் வெளியே அனுப்பப்பட்டான். அப்புறம் ஒரு பள்ளிவாசலில் சேர்ந்தான். அங்கே நிர்வாகம், "கொஞ்சக் காலம் நீ பேசவேண்டாம்" என்றது. 2009இல் கோபித்துக்கொண்டு போய்க் கடற்கரைப் பக்கம் தனிக் கொட்டில் போட்டான். கடைசியில் அவனே தொடங்கிய ஜமாஅத்கூட, "நாங்கள் அவனை நீக்கிவிட்டோம்" என்றது. ஒவ்வொரு கதவாகத் துரத்தப்பட்டவனை, அந்தக் கதவுகளின் பிரதிநிதி என்று எப்படிச் சொல்வது?

இனி எனக்குச் சொல்ல விருப்பமில்லாத பகுதி. துரத்தினார்கள், சரி. எதற்காகத் துரத்தினார்கள்? பெரியவர் சொல் கேட்கவில்லை, ஒழுங்குக்கு அடங்கவில்லை என்று. "மற்ற முஸ்லிமைக் காஃபிர், இறைமறுப்பாளன் என்கிறாயே" என்று சட்டையைப் பிடித்தவர்கள் குறைவு. ஏனென்றால் அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் அவனுக்கு முந்தியே இருந்தது. எங்கள் ஊர் சூஃபி மௌலவி ஒருவரையும் அவருடைய கொள்கையை ஏற்றவர்களையும் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று 1979இலேயே உலமா சபை பத்வா கொடுத்தது. 2004இலும் 2006இலும் அந்த மக்களுடைய வீடுகள் எரிந்தன. எரித்தது வெளியூர்க்காரன் இல்லை. என் கடைக்குப் பின் ஒழுங்கையில் புகை வந்தபோது நான் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். "கொள்கைச் சண்டை, நமக்கு என்ன" என்றார் என் வாப்பா. கோட்டைமுனை ஐயா சொன்ன புகை இதுதான். அவர் மரத்தைப் பார்த்துவிட்டார், வீட்டைப் பார்க்கவில்லை.

2017 மார்ச் 10இல் அலியார் சந்தியில் நடந்தது அதன் தொடர்ச்சி. சூஃபிக்காரர்களுக்கும் சஹ்ரானின் ஆட்களுக்கும் கைகலப்பு, வாள் வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் தலைமறைவு. ஐயா கேட்டார், யார் வாய் திறந்தது என்று. இந்தச் சூஃபிக்காரர்கள்தான் திறந்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாகப் பதாகை பிடித்து வீதியில் இறங்கினார்கள். பொலிசுக்கு முறைப்பாடு போனது, கொழும்புக்குக் கடிதம் போனது. உலமா சபையும் பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் கொடுத்தது. அதற்கும் மேலாக, 2019 ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து அவனுடைய பெயரோடு எச்சரிக்கை வந்தது. பதினேழு நாள் அவகாசம் இருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

மாவனல்லையை மறந்துவிட்டீர்கள் ஐயா. 2018 டிசம்பரில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைப் பிடிக்கப் பொலிசுக்கு உதவியவர் ஒரு முஸ்லிம். அந்த விசாரணை போய்த்தான் வனாத்தவில்லு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து அகப்பட்டது. 2019 மார்ச்சில், படுக்கையில் கிடந்த அவருடைய தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடம்பு பழையபடி வரவில்லை. குண்டு வெடித்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் சஹ்ரானின் வாப்பாவும் தம்பிமாரும் ஒளிந்திருந்த வாடகை வீட்டைக் காட்டிக்கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். அன்றிரவு அந்த வீட்டில் பதினைந்து பேர் செத்தார்கள், அதில் ஆறு குழந்தைகள். தற்கொலைதாரிகளின் உடலைப் பொறுப்பேற்கமாட்டோம் என்று உலமா சபை அறிவித்தது. ஜனாஸாவைக் கைவிடுவது எங்களுக்கு லேசான காரியம் இல்லை தம்பி. அனாதை மையித்து கரையொதுங்கினால்கூடக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்குவோம். சியோனில் வெடித்தவனின் தலையை அதிகாரிகள் கள்ளியங்காட்டு மயானத்தில் புதைக்கப் போய், உங்கள் ஆட்கள் ரோட்டில் இறங்கித் திரும்பத் தோண்ட வைத்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு மண்ணும் வேண்டாம் என்றது.

சரி, புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன், இனி என் கதை.

2019 மே மாதம், நோன்பு. கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் பஸ்ஸில் போகிறேன். வெலிக்கந்தைப் பக்கம் மறித்தார்கள். ஆமிக்காரன் ஏறி, "முஸ்லிம் ஆட்கள் மட்டும் இறங்கு, பையோடு" என்றான். யுத்த காலத்தில் இதே பாதையில் எத்தனை தரம் போயிருக்கிறேன். அப்போது இறங்கினது தமிழ் ஆட்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில், வெயிலில். நாங்கள் உள்ளே இருப்போம். நான் மற்றப் பக்க ஜன்னலால் மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நான் எழும்பினேன். என்னிடம் இரண்டு பை. ஒன்று சின்னது, அதில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும். பக்கத்து சீற்றில் இருந்த தமிழ் அம்மா, எழுபது வயது இருக்கும், அந்தச் சின்னப் பையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்தார். "இது என்ட பை எண்டு சொல்லுறன். நீ இறங்கிப் போட்டு வா மகன். அவங்கள் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சிரிக்காதே. எங்களுக்கு இது பழகின வேலை" என்றார். திரும்பி ஏறி உட்கார முக்கால் மணித்தியாலம் ஆனது. பை அவர் மடியிலேயே இருந்தது. அவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்று. 1990 ஆகஸ்ட் 3, எனக்குப் பன்னிரண்டு வயது. இஷா தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். சுவரில் ரவைத் துளைகள் இன்றும் இருக்கின்றன. சுட்டவர்கள் தமிழ் ஆயுததாரிகள். அதற்கு ஒன்பதாம் நாள் வீரமுனையில் தமிழர்களை வெட்டியும் சுட்டும் கொன்றதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மேல் குற்றச்சாட்டு. எங்கள் வீட்டுக்கு ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா தயிர் கொண்டுவருவார். அந்த ஆகஸ்ட்டுக்குப் பிறகு உம்மா அவரை வாசலில் ஏற்றவில்லை, ஆறேழு வருடம். தயிர் விற்ற மனுசி என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. பிறந்த இனம்தான் குற்றம். உங்கள் மாமா எங்களைப் பார்ப்பது போலத்தான் நாங்களும் அப்போது உங்களைப் பார்த்தோம். அதனால் அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவன் நான்.

நீளமாகிவிட்டது. கடையில் ஆள் வந்துவிட்டது.

கல்முனை டீச்சர் எழுதியது:

சாரக்கடைக் காக்கா மார்க்கப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டார், அதை மட்டும் சொல்கிறேன். நான் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறேன்.

ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு எங்கள் ஆட்கள் பகிரும் வசனம் குர்ஆன் 5:32. ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதர் எல்லாரையும் கொன்றவன் போல. நல்ல வசனம். ஆனால் அது இஸ்ரவேலருக்கு விதித்ததாக வருகிறது, நடுவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, அடுத்த வசனத்தில் கடும் தண்டனையும் இருக்கிறது. பாதி வசனத்தை வெட்டி ஒட்டினால், எதிரே இருப்பவர் 9:5ஐ வெட்டி ஒட்டுவார். வெட்டி ஒட்டுவதில் சஹ்ரான் நம்மைவிடக் கெட்டிக்காரன். 9:5 ஒப்பந்தத்தை முறித்துப் போர் தொடுத்தவர்களைப் பற்றி வருவது. அதற்கு அடுத்த வசனமே, அவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடு என்கிறது. என் வகுப்பில் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கச் சொல்வேன். ஒரு பையன் கேட்டான், "அப்ப டீச்சர், அந்த ஆள் அடுத்த வரியை வாசிக்கலியா?" வாசித்திருப்பான் மகன். குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் ஆயிற்றே.

மற்றது, இது புதிதாக முளைத்த நோயும் இல்லை. பாவம் செய்த முஸ்லிமைக் காஃபிர் என்று சொல்லிக் கொல்லலாம் என்று கிளம்பியவர்கள் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டிலேயே இருந்தார்கள், கவாரிஜ்கள். நபியவர்களின் மருமகன் அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்களை 661இல் கூஃபாவில் தொழுகை நேரத்தில் வெட்டியது அவர்களில் ஒருவன். அவனும் இரவெல்லாம் நின்று வணங்குகிற கூட்டம். குர்ஆனை ஓதுவார்கள், அது அவர்களுடைய தொண்டைக்குக் கீழே இறங்காது என்று ஹதீஸில் வருவது இவர்களைப் பற்றித்தான் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்கிறார்கள். 2014இல் ஐ.எஸ். தலைவன் பக்தாதிக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆலிம்கள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவனுடைய ஒவ்வொரு ஆதாரத்தையும் எடுத்து, மார்க்க முறைப்படியே மறுத்தார்கள். அதை எங்கள் ஊர் ஜும்ஆ மேடைகளில் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

2017 நவம்பரில் எகிப்தின் சினாயில் ஒரு பள்ளிவாசலுக்குள் ஜும்ஆ நேரத்தில் 300க்கும் அதிகமானவர்களைக் கொன்றார்கள். சூஃபிகள் வருகிற பள்ளி. காத்தான்குடியில் யாரைப் பார்த்துச் சஹ்ரான் முதலில் வாளைத் தூக்கினானோ, அதே மாதிரி மக்கள். தேவாலயம் அவன் கணக்கில் பிறகு வந்தது.

உக்கடம் எழுதியது:

கோயம்புத்தூர்ங்க. இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். காக்கா சொன்ன அந்த ஏப்ரல் 4 எச்சரிக்கைக்கு எங்கள் ஊரிலும் ஒரு நூல் இருக்கிறது. இங்கே பிடிபட்ட சிலரை இந்தியாவின் தேசியப் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ. விசாரித்தபோதுதான் சஹ்ரானின் வீடியோக்கள் கிடைத்தன என்று செய்தி வந்தது.

1998 பிப்ரவரி 14இல் எங்கள் ஊர்க் குண்டுகளில் 58 பேர் செத்தார்கள். அதற்கு இரண்டரை மாதம் முந்திய கலவரத்தில் பதினெட்டு முஸ்லிம்கள் செத்தார்கள். ரெண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். ஆளாளுக்கு ஒன்றில் ஆரம்பித்து ஒன்றோடு முடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ரொம்ப வருடம் எங்கள் தெருவில் முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்குக் கிடையாது. எங்கப்பாவும் கொடுக்கவில்லை. அதே அப்பா பிரியாணிக்கு மட்டும் முஸ்லிம்கள் இருக்கிற கோட்டைமேடு போவார்.

2022 தீபாவளிக்கு முந்தின நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் கார் வெடித்தது. சில நாள் கழித்து ஜமாத் நிர்வாகிகள் கோயிலுக்கே நேரில் வந்தார்கள். அதைப் பேப்பரில் படித்துவிட்டு அப்பா சொன்னது: "98லயும் இப்படி வந்திருக்கலாம்." நான் கேட்டேன், "வந்திருந்தா நீங்க உள்ள விட்டிருப்பீங்களா?" அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மோட்டார் போடப் போனார்.

கோட்டைமுனை77 எழுதியது:

சாரக்கடைக்காரர் 2004, 2006ஐத் தானாகவே சொன்னார். அது எனக்குத் தெரியாது, சொல்லவும் ஒரு மனம் வேண்டும். நன்றி.

ஆனாலும் ஒன்று. அனுப்பியவன் இல்லாவிட்டால் பிரதிநிதி இல்லை என்கிறீர்கள். செத்த பிள்ளையின் தாய்க்கு அந்த வித்தியாசம் என்ன செய்யும்?

சாரக்கடை எழுதியது:

ஒன்றும் செய்யாது ஐயா. அந்தத் தாயிடம் போய் நான் இந்த நியாயம் பேசமாட்டேன். அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், அது அவருடைய உரிமை. நான் பேசுவது ரொறன்ரோவில் இருந்து வீடியோ போடுகிறவரிடம்.

அந்த மே மாதம் கொட்டாரமுல்லையில் தன் பட்டறையில் இருந்த தச்சரைக் கூட்டம் வெட்டிக் கொன்றது. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும். அவர்களிடம் போய், வெட்டியவன் சிங்கள மக்களின் பிரதிநிதி இல்லை என்று நான் சொன்னால் அவர்களுக்கும் ஒன்றும் செய்யாது. ஆனால் நான் சொல்லுவதை நிறுத்தினால் அடுத்த பட்டறைக்கும் கூட்டம் வரும்.

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காக்காவின் பதிலில் பஸ் கதையை அப்படியே வெட்டிக் குழுவில் போட்டேன். பெரியம்மா ஒருவர் கும்பிடும் கை போட்டார். சித்தி, "எனக்கும் மன்னம்பிட்டியில் இப்படித்தான்" என்று தொடங்கி நாலு குரல் பதிவு அனுப்பினார். அதுவரை அவர் அந்தக் கதையை எங்களிடம் சொன்னதே இல்லை.

மாமாவைத் தனியாகக் கேட்டேன். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடாக் கரைக்கு வந்தார்கள். அதில் பயங்கரவாதிகள் இருக்கிறார்கள் என்று அந்த நாட்டு அரசாங்கம் சொன்னது, குழந்தை குட்டியோடு தடுத்து வைத்தார்கள். அப்போது வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பதாகை பிடிக்கப் போனவர் என் மாமா. பதாகையோடு எடுத்த படம் இன்னும் அவருடைய முகநூலில் இருக்கிறது. அந்தப் படத்தை அவருக்கே அனுப்பி, "அண்டைக்கு என்ன எழுதிப் பிடிச்சனீங்கள் மாமா?" என்று கேட்டேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து, "அது வேற" என்று வந்தது. எப்படி வேற என்று கேட்டேன். அங்கே இரவு, தூங்கியிருப்பார். இல்லாவிட்டால் தூங்கியதாக வைத்துக்கொள்வோம். இன்றைக்குக் குழுவில் அவர் போட்டது பேத்தியின் நீச்சல் படம் மட்டும்தான்.

கோட்டைமுனை அண்ணன், அந்தத் தாயைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அது மாமாவின் வாய்க்கு ஏற்ற கேள்வி இல்லை.

காக்கா, உங்கள் கடை பிரதான வீதியிலா, உள்ளேயா? எனக்குக் கறுப்பு லைனிங் இருபது மீற்றர் வேண்டும். வெள்ளிக்கிழமை வரலாமா?

சாரக்கடை எழுதியது:

பிரதான வீதிதான், மரத்துக்கு நேரே. பதினொன்றரைக்கு முந்தி வாருங்கள் தம்பி, பிறகு ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவேன். கறுப்பு பன்னிரண்டு மீற்றர்தான் இருக்கும், மிச்சத்தைப் பக்கத்துக் கடையில் எடுத்துத் தருகிறேன்.